பால்டுவின் – குக்கிஸ்பெர்க்

கண்ணாடியை ஊதி உருவாக்கும் கலையில் இருவர் பெயராலும் சேர்த்தே வழங்கப்படும் சிருஷ்டிகளுக்கு உரியவர்களான பிலிப் பால்டுவின் 1947-ல் நியூயார்க்கிலும், அவருடைய துணைவியார் மோனிகா குக்கிஸ்பெர்க் 1955-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலும் பிறந்தவர்கள். இருவரும் தென் சுவீடனில் ஓரெஃபோர்ஸ் கண்ணாடிப் பள்ளியில் பயின்று, ஆன் வோல்ஃப், வில்கே அடால்ஃப்சன் ஆகிய கண்ணாடிக் கலைஞர்களிடம் வேலை பழகி, 1982-ல் சுவிட்சர்லாந்தில் நான்ஃபூ என்னும் சிற்றூரில் சொந்தமாக உலை மூட்டினர். 2001-ல் பாரிஸுக்கும், 2015-ல் வேல்ஸ் நாட்டுக்கும் குடிபெயர்ந்தனர்.

ஏறத்தாழ 1,100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகி, ஊதுகுழாயின் நுனியில் தேன்போல் திரண்டு தொங்கும் கண்ணாடிக் குழம்பானது, சுழற்றுவதைக் கணநேரம் நிறுத்தினாலும் ஒருபுறமாகச் சரிந்துவிடும் இயல்புடையதாதலால், குழாயை உருட்டியபடியே உருவம் கொடுப்பவர் ஒருவர், அவர் குறிப்பறிந்து மூச்சைச் செலுத்துபவர் ஒருவர், தக்க தருணத்தில் வர்ணக் குழம்பைக் கொண்டுவந்து சேர்ப்பவர் ஒருவர் என்று, பெரிய பாத்திரம் எதுவும் பல கைகள் கூடியே உருப்பெறுகிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே கையொப்பம் இடுவதற்கு இதைவிடப் பொருத்தமான கலை வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை. இவர்கள் படைப்பில் எப்பகுதி எவருடையது என்று பிரித்துக் கேட்பது வீண் விசாரமேயாகும்.

இவர்களுடைய தனிச்சிறப்பு இரு தேசத்துச் சம்பிரதாயங்களை ஒரே பாத்திரத்தில் இணைத்ததில் இருக்கிறது. ஒரு நிறக் கண்ணாடியை மெல்லிய கிண்ணம்போல் ஊதித் திறந்து, அதனுள் வேறு நிறக் குமிழைச் சூடாறுமுன் இறக்கி, இரண்டும் ஓருடலாய் ஒட்டும்படி செய்வது சுவீடன் பட்டறைகளின் வழக்கம். இரு கண்ணாடிகளும் ஆறும்போது ஒரே அளவாகச் சுருங்கவேண்டும். அது வேறுபட்டால் பாத்திரம் வெடித்துவிடக்கூடும்; விரைந்து ஆறினாலும் அவ்வாறே நேருமாதலால், ஆறவிடும் உலையில் பொறுமையோடு காத்திருக்க வேண்டியிருக்கிறது. இவ்வாறு ஆறிய பாத்திரத்தைச் சாணைச் சக்கரத்தில் பிடித்து, மேற்பரப்பு முழுவதிலும் நூற்றுக்கணக்கான சிறு வெட்டுக்களை நெருக்கமாக இடும் முறை வெனிஸ் நகருக்கு உரியது. சுத்தியால் தட்டிய உலோகம்போன்ற தோற்றத்தைத் தருவதால் இத்தாலிய மொழியில் ‘பாத்துத்தோ’ எனப் பெயர்பெற்ற இதனை, வெனினி கண்ணாடி ஆலைக்காகக் கட்டிடக் கலைஞர் கார்லோ ஸ்கார்ப்பா 1940-ஆம் ஆண்டளவில் சிறப்பாகக் கையாண்டார். இவ்விரண்டும் கூடும்போது, சாணை ஆழ்ந்த இடத்தில் மேல் நிறம் நீங்கி அடி நிறம் வெளிப்படுகிறது. கண்ணாடிக்கு இயல்பான பளபளப்பு மறைந்து, கல்லையும் மரப்பட்டையையும் நினைவூட்டும் ஒரு மௌனப் பிரகாசம் அவ்விடத்தில் குடிகொள்கிறது. உலையருகே முடியும் வேலைக்குப் பின், சாணையில் நெடும்பொழுது கழிகிறது என்பதையும், அவ்வுழைப்பே இப்பாத்திரங்களின் உயிர் என்பதையும் பார்வையாளர் மறத்தலாகாது.

உயர்ந்து நிற்கும் காவலர் போன்ற கலங்களும், பல கலங்களைச் சுமந்த படகுகளும் இவர்கள் திரும்பத் திரும்பக் கையாண்ட வடிவங்கள். முதல் உலகப்போர் முடிந்து நூறாண்டு நிறைந்த 2018-ல், இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலயத்தில் ‘சமமான வானத்தின் கீழ்’ என்ற பெயரில் நடந்த கண்காட்சியில், பண்டைய கிரேக்கர் எண்ணெயும் திராட்சை மதுவும் வைத்த ஆம்போரா ஜாடிகளின் வடிவில் ஊதிய நூறு கண்ணாடிக் கலங்களை, ஆண்டுக்கு ஒன்றாக, படகு வடிவில் அமைத்தனர்.