வெளிநாட்டு உயர்கல்வி: எந்தப் படிப்புக்கு எந்தத் தேர்வு? மாணவர்கள் அறிய வேண்டியவை

புது தில்லி: வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் சேர விரும்பும் இந்திய மாணவர்கள் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, எந்தத் தேர்வை எழுத வேண்டும் என்பதே. தேவையற்ற தேர்வுக்குப் பெருந்தொகை செலவிடுவோரும் உண்டு; கட்டாயத் தேர்வை எழுதத் தவறி ஓராண்டை இழப்போரும் உண்டு. மருத்துவப் படிப்பிலோ, இந்தப் பிழை இந்தியாவில் மருத்துவராகப் பணியாற்றும் வாய்ப்பையே பறித்துவிடக்கூடும்.

இத்தேர்வுகள் பொதுவாக இரு வகைப்படும். மாணவரின் கணித, மொழி, பகுத்தறியும் திறன்களை மதிப்பிடும் தகுதித் தேர்வுகள் ஒரு வகை. ஆங்கிலப் புலமையை மட்டும் சோதிக்கும் தேர்வுகள் மற்றொரு வகை. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

இளநிலைப் படிப்புகள்: சாட், ஏசிடி

அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிப்போர் எழுதும் சாட் தேர்வை காலேஜ் போர்டு அமைப்பு நடத்துகிறது. 1926-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இத்தேர்வு, இந்தியா உள்பட அமெரிக்காவுக்கு வெளியே உள்ள நாடுகளில் 2023-ஆம் ஆண்டு முதல் கணினி வழியில் நடைபெறுகிறது. வாசிப்பு-எழுத்து, கணிதம் ஆகிய இரு பிரிவுகளில் 98 வினாக்கள். கால அளவு 2 மணி 14 நிமிடங்கள். மொத்த மதிப்பெண் 400 முதல் 1,600 வரை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. ஒவ்வொரு பிரிவின் முதல் பகுதியில் மாணவர் விடையளிக்கும் விதத்தைப் பொருத்து, இரண்டாம் பகுதியின் கடினத்தன்மை அமையும்.

இதற்கு மாற்றாக ஏற்கப்படும் ஏசிடி தேர்வின் மதிப்பெண் 1 முதல் 36 வரை. இதில் அறிவியல் பிரிவு 2025-ஆம் ஆண்டு முதல் விருப்பத் தேர்வாக மாற்றப்பட்டுள்ளது.

கரோனா பரவலின்போது பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இத்தேர்வுகளிலிருந்து விலக்கு அளித்தன. எனினும், மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் 2022-இலும், ஹார்வர்டு, டார்ட்மத் உள்ளிட்டவை 2024-இலும் தேர்வு மீண்டும் கட்டாயம் என அறிவித்தன. மாறாக, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் சேர்க்கை முடிவில் இந்த மதிப்பெண்களைக் கருத்தில் கொள்வதே இல்லை. எனவே, 'தேர்வு தேவையில்லை' என்ற பொதுவான தகவலை நம்பி முடிவெடுப்பது ஆபத்தானது.

பிரிட்டனில் மருத்துவப் படிப்புக்கு யுகேட் தேர்வும், சில பல்கலைக்கழகங்களின் சட்டப் படிப்புக்கு எல்நாட் தேர்வும் கோரப்படுகின்றன. யுகேட் தேர்வை ஒரு சேர்க்கை ஆண்டில் ஒரு முறை மட்டுமே எழுத முடியும்.

முதுநிலைப் படிப்புகள்: ஜிஆர்இ, ஜிமேட்

பொறியியல், அறிவியல், சமூக அறிவியல் உள்ளிட்ட துறைகளில் முதுநிலை மற்றும் முனைவர் பட்டப் படிப்புக்கு ஜிஆர்இ தேர்வு கோரப்படுகிறது. 2023 செப்டம்பரில் இதன் கால அளவு ஏறத்தாழ 2 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. மொழித்திறன், கணிதத்திறன் பிரிவுகளுக்குத் தலா 130 முதல் 170 வரையும், கட்டுரைக்கு 0 முதல் 6 வரையும் மதிப்பெண் வழங்கப்படும். ஒரே பல்கலைக்கழகத்திலும் துறைக்குத் துறை விதி மாறுபடலாம்: ஒரு துறை ஜிஆர்இ மதிப்பெண்ணைக் கட்டாயமாக்கியிருக்க, அடுத்த துறை அதை ஏற்க மறுக்கலாம்.

மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வு 2023 நவம்பரில் புதிய வடிவம் பெற்றது. கணிதம், மொழி, தரவுப் பகுப்பாய்வு ஆகிய மூன்று பிரிவுகளுக்குத் தலா 45 நிமிடங்கள். மதிப்பெண் 205 முதல் 805 வரை. பழைய தேர்வின் 200 முதல் 800 வரையிலான மதிப்பெண்ணை இதனுடன் நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஜிஆர்இ, ஜிமேட் மதிப்பெண்கள் 5 ஆண்டுகள் செல்லும். பல மேலாண்மைக் கல்வி நிறுவனங்கள் இவ்விரண்டில் எதையும் ஏற்கின்றன.

ஆங்கிலப் புலமைத் தேர்வுகள்

ஐஇஎல்டிஎஸ், டோஃபல், பிடிஇ ஆகியவை பரவலாக ஏற்கப்படும் தேர்வுகள். இவற்றின் மதிப்பெண் 2 ஆண்டுகள் மட்டுமே செல்லும். ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் 0 முதல் 9 வரையிலும், பிடிஇ மதிப்பெண் 10 முதல் 90 வரையிலும் அமையும். டோஃபல் தேர்வில் 2026 ஜனவரி முதல் 1 முதல் 6 வரையிலான புதிய அளவுகோல் நடைமுறைக்கு வந்துள்ளது.

இத்தேர்வுகளில் ஒட்டுமொத்த மதிப்பெண் மட்டும் போதாது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய ஒவ்வொரு பிரிவுக்கும் குறைந்தபட்ச மதிப்பெண்ணைப் பல பல்கலைக்கழகங்கள் தனித்தனியே நிர்ணயிக்கின்றன. சராசரி 7 பெற்றும் எழுத்துப் பிரிவில் 5.5 பெற்றால், விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். மேலும், பல்கலைக்கழகம் ஏற்கும் தேர்வை விசா அதிகாரிகளும் ஏற்பார்கள் என்று கருதக் கூடாது. இரண்டையும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும்.

மருத்துவம்: நீட் கட்டாயம்

வெளிநாட்டில் எம்பிபிஎஸ் படித்துவிட்டு இந்தியாவில் பணியாற்ற விரும்புவோர், அப்படிப்பில் சேர்வதற்கு முன்பே நீட் தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும். 'நீட் இல்லாமலேயே இடம்' என்ற விளம்பரம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால், அவ்வாறு படித்துத் திரும்புபவர் இங்கு மருத்துவராகப் பதிவு செய்ய இயலாது என்பதை அந்த விளம்பரம் கூறுவதில்லை.

2021-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணைய விதிகளின்படி, படிப்பு குறைந்தது 54 மாதங்கள் கொண்டதாகவும் ஆங்கில வழியிலும் இருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். அதன் பின்னர், வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான எஃப்எம்ஜிஇ தேர்வில் 300-க்கு 150 மதிப்பெண் பெற வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

அமெரிக்க இளநிலைப் படிப்புக்கான விண்ணப்பக் கெடு பெரும்பாலும் நவம்பர் தொடக்கத்திலும் ஜனவரி தொடக்கத்திலும் முடிவடைகிறது. இந்தியாவில் 12-ஆம் வகுப்புப் பொதுத் தேர்வுகள் அதன் பின்னரே நடைபெறுகின்றன. ஆகவே, 11-ஆம் வகுப்பிலேயே சாட் தேர்வை ஒருமுறை எழுதிவிடுவது, தேவைப்பட்டால் மீண்டும் எழுத அவகாசம் தரும்.

ஜெர்மனியில் பயில விரும்பும் இந்தியர்கள், கல்விச் சான்றுகளின் உண்மைத்தன்மையை உறுதிசெய்யும் ஏபிஎஸ் சான்றிதழையும் பெற வேண்டும். 2022 நவம்பர் முதல் மாணவர் விசாவுக்கு இது கட்டாயம்.

தேர்வுக்குப் பதிவு செய்யும்போது பெயர், கடவுச்சீட்டில் உள்ளவாறே அமைய வேண்டும். பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்தும் கடவுச்சீட்டில் தந்தையின் முழுப் பெயரும் இடம்பெறுவது தமிழக மாணவர்களிடையே வழக்கம். தேர்வு நாளில் பெயர் பொருந்தாவிட்டால் அனுமதி மறுக்கப்படலாம். செலுத்திய கட்டணமும் திரும்பக் கிடைக்காமல் போகலாம்.

கட்டணம் செலுத்துவதற்கு முன், சேர விரும்பும் துறையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் அந்தக் கல்வியாண்டுக்கான விதிகளை மாணவர்கள் நேரடியாகப் படித்து உறுதி செய்துகொள்வது அவசியம். முகவரின் வாய்மொழி உறுதி அதற்கு ஈடாகாது.