புறனடை விதியானபோது: 2023 பிளேஆஃப் தேர்வும் ‘கான்ஃபரன்ஸ் வலிமை’ வாதமும்

1

2023 டிசம்பர் 3 அன்று அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தேர்வுக்குழு தன் இறுதித் தரவரிசையை வெளியிட்டபோது, ஃபுளோரிடா ஸ்டேட் ஐந்தாம் இடத்தில் இருந்தது. 13 ஆட்டங்கள், 13 வெற்றிகள், தன் கான்ஃபரன்ஸான (அணிக் குழுமமான) ஏ.சி.சி.யின் பட்டம் என எல்லாம் இருந்தும் நான்கு அணிகள் கொண்ட பிளேஆஃபில் அதற்கு இடமில்லை. தலா ஒரு தோல்வி கண்டிருந்த டெக்சஸும் அலபாமாவும் மூன்றாம், நான்காம் இடங்களைப் பெற்றன. ஐந்து பெரிய கான்ஃபரன்ஸ்களில் ஒன்றைத் தோல்வியின்றி வென்ற அணி பிளேஆஃபுக்கு வெளியே நிறுத்தப்பட்டது அதுவே முதல்முறை.

இதைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வந்துள்ளனர்: குழு தேட வேண்டியது சிறந்த அணியையா, தகுதியை ஈட்டிய அணியையா? குழுவின் தேர்வு நெறிமுறை ‘சிறந்த’ என்றே சொல்கிறது. ஃபுளோரிடா ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் காயமுற்ற பின் அந்த அணி சிறந்த நான்கில் ஒன்றாக இல்லை. ஆகவே முடிவு கசப்பானதாயினும் ஆவணத்துக்கு உட்பட்டதே. இவ்வாறு போகும் விளக்கம் ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. இக்கட்டுரை அதை இரு முனைகளில் மறுக்கிறது. காயம் பற்றிய வாசகம் அதன்மேல் ஏற்றப்பட்ட சுமையைத் தாங்காது என்பது ஒன்று. தரவரிசை நகர்ந்த விதத்தைக் கவனித்தால், அணியை வெளியே தள்ளியது கான்ஃபரன்ஸ் வலிமை குறித்த முன்முடிவே எனத் தெரிகிறது என்பது மற்றொன்று.

2

நெறிமுறையின் முகவுரை, வழக்கமான பருவத்தின் தனித்தன்மை காக்கப்பட வேண்டும் என்கிறது. களத்தில் வென்ற பட்டத்தையும் ஆட்ட அட்டவணையின் கடினத்தையும் முக்கிய மதிப்புகளாக முன்வைக்கிறது. பிறகு, ஏறக்குறையச் சமநிலையில் உள்ள அணிகளைப் பிரித்தறிய ஐந்து அளவைகளைத் தருகிறது. கான்ஃபரன்ஸ் பட்டம், அட்டவணை வலிமை, நேருக்கு நேர் மோதிய ஆட்டம், பொது எதிரிகளுக்கு எதிரான முடிவுகள் ஆகியவை முதல் நான்கு. நான்காவதற்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு: பெரிய புள்ளி வித்தியாசத்தில் வெல்வதற்கு அது ஊக்கம் தரக்கூடாது. ஐந்தாவதாக, கடைசியில் வருவது ‘பிற தொடர்புடைய காரணிகள்’. முக்கிய வீரரோ பயிற்சியாளரோ இல்லாதது பருவத்தில் அணியின் ஆட்டத்தைப் பாதித்திருக்கலாம், அல்லது பருவத்துக்குப் பிந்தைய ஆட்டத்தைப் பாதிக்கக்கூடும் என்பது அதற்குத் தரப்படும் எடுத்துக்காட்டு.

இலக்கண நூல் பயின்றவருக்கு இந்த அமைப்பு புதிதல்ல. இயலின் இறுதியில் நிற்கும் புறனடை, முன் கூறியவற்றுள் அடங்காமல் எஞ்சியவற்றைத் தழுவிக்கொள்ளும். முன் கூறிய விதியைத் தள்ளிவிடாது. ஐந்தாம் அளவையும் அவ்வாறே எஞ்சியதைத் தழுவ வந்தது. முதல் நான்கும் தீர்ப்புத் தராத இடத்தில் அதற்கு வேலை உண்டு. தோல்வியே இல்லாத பட்டத்தை ஓர் ஊகத்தால் வெல்லும் அதிகாரம் அதற்கு உண்டென்று கொள்ள வாசகத்தில் சான்றில்லை. அளவைகளுக்கு எடை எதுவும் குறிக்கப்படவில்லையே எனலாம். உண்மைதான், ஆனால் எடை குறிக்காத பட்டியலில் எஞ்சியவற்றுக்கான கடைசி வரிக்கே முதல் எடை தருவதற்குத்தான் காரணம் காட்ட வேண்டும்.

இதைவிட முக்கியமானது, அந்த வாசகம் எப்படிச் செயற்படுத்தப்பட்டது என்பது. டிராவிஸ் இல்லாமல் ஃபுளோரிடா ஸ்டேட் இரு முக்கிய ஆட்டங்களை ஆடியது: ஃபுளோரிடாவை 24–15, பட்ட ஆட்டத்தில், மூன்றாம் குவார்ட்டர்பேக்கைக் கொண்டு, லூயிவிலை 16–6. இரண்டும் வெற்றி. அணி தளர்ந்துவிட்டது என்பதற்கான சான்று, அது எத்தனை புள்ளி எடுத்தது, எப்படித் தோற்றமளித்தது என்பதிலிருந்தே வர முடியும். அதாவது, நான்காம் அளவை வாசலில் தடுத்து நிறுத்திய புள்ளி வித்தியாசம், ஐந்தாம் அளவையின் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது. அந்தத் தடை இலக்கணப்படி பொது எதிரிகளுக்கு மட்டுமே உரியது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் தடைக்குப் பின்னுள்ள அச்சம், எளிய எதிரியின்மேல் புள்ளிகளைக் குவிக்கும் பழக்கம் குறித்தது, இரண்டுக்கும் பொதுவானது.

பிளேஆஃபின் முதல் ஆண்டான 2014இல் நடந்ததை இதனுடன் வைத்துப் பார்க்கலாம். ஒஹாயோ ஸ்டேட்டும் அப்போது மூன்றாம் குவார்ட்டர்பேக்கான கார்டேல் ஜோன்ஸைக் கொண்டே பட்ட ஆட்டத்துக்கு இறங்கியது. விஸ்கான்சினை 59–0 என வென்று நான்காம் இடம் பிடித்தது. முந்தைய வாரம் மூன்றாம் இடத்தில் இருந்த டி.சி.யு., அயோவா ஸ்டேட்டை 55–3 என வென்றும் ஆறாம் இடத்துக்கு இறங்கியது. ஒஹாயோ ஸ்டேட் பின்னர் அலபாமாவை 42–35, ஓரிகனை 42–20 என வீழ்த்திச் சாம்பியனானது. 2014இல் மூன்றாம் குவார்ட்டர்பேக்கின் 59 புள்ளிகள் ஓர் அணியை உயர்த்தின. 2023இல் மூன்றாம் குவார்ட்டர்பேக்கின் 16 புள்ளிகள் ஓர் அணியை இறக்கின. இரண்டே நிகழ்வுகளிலிருந்து பொதுவிதி செய்வது ஆகாது. ஆனால் இரு முறையும் வீரர் இல்லாமை ஸ்கோர்போர்டின் வழியாகவே வாசிக்கப்பட்டது என்ற அளவிலாவது சொல்லலாம்.

3

இனித் தேதிகளைப் பார்ப்போம். 2023 நவம்பர் 14 தரவரிசையில் ஃபுளோரிடா ஸ்டேட் நான்காவது. நவம்பர் 18இல் டிராவிஸுக்குக் காயம். நவம்பர் 21இல் ஐந்தாவது. மிஷிகனிடம் ஒஹாயோ ஸ்டேட் தோற்ற பின், நவம்பர் 28இல் மீண்டும் நான்காவது. அன்று டெக்சஸ் ஏழாவது, அலபாமா எட்டாவது. டிராவிஸ் இனி ஆடமாட்டார் என்பது அன்றே குழுவுக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே அலபாமாவைவிட நான்கு இடம் மேலே அந்த அணியை வைத்தது.

அடுத்த ஐந்து நாள்களில் மாறியது, எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸின் பட்ட ஆட்டத்தில் அலபாமா ஜார்ஜியாவை 27–24 என வென்றதுதான். ஜார்ஜியா வென்றிருந்தால் சிக்கலே இல்லை. அலபாமா வென்றதால் ஒரு சங்கிலி உருவானது. முதலிடத்தில் இருந்த ஜார்ஜியா இறங்க வேண்டும். அலபாமாவை ஏற்றினால், செப்டம்பரில் அதன் சொந்த மைதானத்திலேயே 34–24 என வென்ற டெக்சஸை அதற்கு மேலே வைத்தாக வேண்டும். அலபாமாவை ஏற்றாவிட்டால், 2014 முதல் ஓராண்டும் தவறாமல் இடம்பெற்ற எஸ்.இ.சி. பிளேஆஃபில் இல்லாமல் போகும். ஃபுளோரிடா ஸ்டேட்டின் லூயிவில் ஆட்டமும் அதே நாளில்தான் நடந்தது, அதுவே முடிவை மாற்றியிருக்கலாம் என்று வாதிட இடமுண்டு. ஒவ்வொரு வாரமும் புதிதாகத் தொடங்குகிறோம் என்ற குழுவின் விளக்கமும் உண்டு. எந்த முடிவுக்கும் பொருந்தும் விளக்கம் எந்த முடிவையும் விளக்குவதில்லை.

4

எஸ்.இ.சி. வலிமையானது என்பதற்கு அந்த ஆண்டில் என்ன சான்று? ஒரு கான்ஃபரன்ஸின் அணிகள் தம்முள்ளேயே எட்டு அல்லது ஒன்பது ஆட்டங்கள் ஆடுகின்றன. வெளியே மூன்றோ நான்கோ, அவற்றிலும் பல எளிய எதிரிகளுடன். கான்ஃபரன்ஸுக்குள் ஒரு வெற்றிக்கு ஒரு தோல்வி என்பது கணக்கு. ஆகவே உள்ளாட்டங்கள் எத்தனை நடந்தாலும் அந்தக் கான்ஃபரன்ஸின் சராசரி வலிமையைப் பற்றி அவை எதுவும் சொல்லா. பருவத்துக்கு முன்பே உயர்த்தி வைக்கப்பட்ட அணியிடம் தோற்பது பெருந்தோல்வியாகாது. அதை வெல்வது பெருவெற்றியாகும். தொடக்க அனுமானம் இப்படித் தன்னையே நிரூபித்துக்கொள்கிறது. வட்டத்தை உடைக்கக்கூடியவை வெளியாட்டங்கள் மட்டுமே.

2023 வழக்கமான பருவத்தில் ஏ.சி.சி.யும் எஸ்.இ.சி.யும் பத்து முறை மோதின. ஏ.சி.சி. ஆறு, எஸ்.இ.சி. நான்கு. அந்த ஆறில் இரண்டு ஃபுளோரிடா ஸ்டேட்டுடையவை, எல்.எஸ்.யு.வை அது 45–24 என வென்றது, அலபாமா அதே அணியை 42–28 என வென்றது. பத்து ஆட்டங்கள் சிறிய மாதிரி, ஏ.சி.சி. வென்ற அணிகளில் வான்டர்பில்ட் போன்ற நலிந்த அணியும் உண்டு. அதனால் ஏ.சி.சி.யே வலிமையானது என்று நான் சொல்லவில்லை. நேரடிச் சான்று ஒரு பக்கமும் முடிவு மறுபக்கமும் சாய்ந்திருக்கின்றன என்பதையே சுட்டுகிறேன். மேலும், வான்டர்பில்ட்டைக் கழிக்க வேண்டும் என்பவர், கான்ஃபரன்ஸ் என்ற அலகையே கைவிட்டு எதிரிகளைத் தனித்தனியே எடைபோட ஒப்புக்கொள்கிறார். என் கோரிக்கையும் அதுதான்.

5

பின்னர் ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் ஜார்ஜியா ஃபுளோரிடா ஸ்டேட்டை 63–3 என வென்றது குழுவின் முடிவை மெய்ப்பித்துவிட்டது என்பார் உளர். இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் விலகிய பின் களமிறங்கிய அணி, டிசம்பர் 3 அன்று மதிப்பிடப்பட்ட அணி அல்ல. இதற்குமேல் அந்த வாதத்துக்கு மறுமொழி தேவையில்லை.

2024இல் பிளேஆஃப் 12 அணிகளாக விரிந்ததும் சிக்கல் தீர்ந்தது என்பதும் சரியல்ல. அது கீழே நகர்ந்தது. அவ்வாண்டு கடைசி இடத்துக்கு 11–2 எஸ்.எம்.யு.வும் 9–3 அலபாமாவும் நின்றபோது அதே ‘கான்ஃபரன்ஸ் வலிமை’ வாதம் எழுந்தது, எஸ்.எம்.யு. தேர்வாகி, பென் ஸ்டேட்டிடம் 38–10 எனத் தோற்றதும் முடிவிலிருந்து பின்னோக்கித் தீர்ப்பெழுதும் பழக்கமும் திரும்பியது. 2025 ஆகஸ்டில் குழுவுக்குத் தரப்பட்ட புதிய அளவை, ஓர் அணி தன் அட்டவணைக்கு எதிராக எப்படி ஆடியது என்பதை அளக்க முயல்கிறது. அது சரியான திசை. கான்ஃபரன்ஸின் பெயருக்குப் பதில் எதிரிகளை எண்ணுகிறது.

ஆனால் புறனடை இன்னும் திருத்தப்பட வேண்டியிருக்கிறது. அதன் முதற்பாதியை, நடந்த ஆட்டத்தை வீரர் இல்லாமை எப்படிப் பாதித்தது என்பதை, வைத்துக்கொள்ளலாம். ஒரு தோல்வியின் எடையைக் குறைக்க அது உதவும். பின்பாதி இனி நடக்கவிருக்கும் ஆட்டத்தின் முடிவை அறைக்குள் அமர்ந்து ஊகிக்கச் சொல்கிறது. ஃபுளோரிடா ஸ்டேட் தோற்றிருக்கக்கூடும். அதை அரையிறுதியில் தோற்கவிட்டிருக்க வேண்டும்.