அடுப்படிக்கு வந்த புதைபடிவம்

நம்ம வீட்டு அடுப்படியில எலி மாதிரி ஒண்ணு ஓடினா என்ன செய்வோம்? தொடப்பக்கட்டையைத் தேடுவோம். 1966 ஆகஸ்ட்ல ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துல, மவுண்ட் ஹாதம் பனிமலையில, ஒரு ஸ்கீ கிளப் விடுதியில அப்படித்தான் ஒண்ணு ஓடிச்சு. நல்லவேளை, அதை அடிக்காம பிடிச்சு மெல்போர்னுக்கு அனுப்பினாங்க. பார்த்த ஆராய்ச்சிக்காரங்களுக்குத் தலை சுத்திடுச்சு. அந்த நாள் வரைக்கும் அது வெறும் எலும்புங்க!

கதை 1890-கள்ல ஆரம்பிக்குது. ராபர்ட் புரூம்னு ஒரு ஸ்காட்லாந்து டாக்டர், நியூ சவுத் வேல்ஸ்ல வைத்தியம் பார்த்துக்கிட்டே பக்கத்துல இருந்த வொம்பெயன் குகைகள்ல எலும்பு பொறுக்கினார். (பின்னால தென்னாப்பிரிக்காவில ஆதிமனித எலும்புகளைத் தேடிப் பெரும்பேர் வாங்கினாரே, அவரேதான்.) அங்கே கிடைச்ச குட்டித் தாடை எலும்புகளுக்கு 1896-ல அவர் வெச்ச பேர் புர்ராமிஸ் பார்வஸ். அதுல ஒரு பல் மட்டும் ரம்பம் மாதிரி வரிவரியா, வாய்க்குப் பொருந்தாத பெரிய சைஸ்ல இருந்துச்சு. இது போஸமா, கங்காரு வகையறாவான்னு ரொம்ப நாள் சண்டை. 1956-ல ரைட் என்ற விஞ்ஞானி, போஸம்தான்னு எழுதினார். எந்தக் கட்சியா இருந்தாலும், அது எப்பவோ அழிஞ்சு போச்சுங்கிறதுல மட்டும் எல்லாரும் ஒத்துமை!

எழுபது வருஷம் கழிச்சு, அழிஞ்சு போனது அடுப்படிக்கே வந்து நிக்குது. அதுவும் அதோட சொந்தக்காரங்க எல்லாம் பனிக்கடியில தூங்கிக்கிட்டிருக்கிற மாசத்துல. (இதுக்கு 5 வருஷம் முன்னாடி, 1961-ல, லெட்பீட்டர் போஸமும் இப்படித்தான் 'செத்தவங்க' லிஸ்ட்ல இருந்து திரும்பி வந்துச்சு.)

ஆள் எவ்வளவு பெருசுங்கறீங்க? உடம்பு 11 செ.மீ, வால் அதைவிட நீளம், எடை 45 கிராம் போல. வயித்துல பை. பனிக்காலத்துல ஏழு மாசம் வரைக்கும் பாறை இடுக்குல சுருண்டு கிடக்கும். வசந்தத்துல எழுந்ததும் கொலைப்பசி. அந்த நேரத்துக்குச் சரியா போகாங் அந்துப்பூச்சிகள் சமவெளியிலிருந்து, சிலது 1000 கி.மீ வரை பறந்து, கோடிக்கணக்குல அதே பாறைகளுக்கு வந்து சேரும். வீடு தேடி வர்ற சாப்பாடு!

இனி அந்தச் சுரங்கப்பாதைக் கதை. பொண்ணுங்க குடியிருப்பு மலை உச்சிப் பக்கத்துப் பாறைக்குவியல். ஆம்பளைங்க கீழே. இனப்பெருக்க காலத்துல மட்டும் மேலே ஏறுவாங்க, முடிஞ்சதும் துரத்தி விட்டுடுவாங்க. மவுண்ட் ஹிகின்போதம்ல ஸ்கீ விடுதிக்கான ரோடு இதுக்கு நடுவுல போச்சு. ஆம்பளைங்க கீழே இறங்க வழியில்லாம மேலேயே டேரா. குளிர்காலத்துக்குச் சேர்த்து வைக்க வேண்டிய தீனியும் நல்ல இடமும் பங்கு போனதுல, நிறைய பெண் போஸங்கள் அடுத்த வசந்தத்தைப் பார்க்கலை. 1985-ல ரோட்டுக்கடியில சுரங்கம் போட்டு, மலைச்சரிவு மாதிரியே பாறைத்துண்டுகளை நிரப்பினாங்க. ஆம்பளைங்க அதே வழியா இறங்கிப் போக ஆரம்பிச்சாங்க, பெண்கள் பிழைச்சதும் கூடிச்சு. அதுக்கு 'காதல் சுரங்கம்'னு பேர். விரட்டி விடுறதுக்குக் கட்டினதுக்கு இப்படி ஒரு பேரு :-)

ரோட்டைக் கூட சரி பண்ணிடலாம், சாப்பாட்டை? 2017, 2018 வறட்சியில போகாங் பூச்சி வரத்து படுத்துடுச்சு. தாய்களோட பையில குட்டிங்க செத்துக் கிடந்ததை ஆய்வாளர்கள் பார்த்தாங்க. 2019-20 காட்டுத்தீ வேற. எரிஞ்ச பாறைகளுக்கு நடுவுல தண்ணியும், 'போகாங் பிஸ்கட்'னு ஒரு சத்துத் தீனியும் கொண்டுபோய் வெச்சாங்க. மொத்தமே 2000 சொச்சம்தான் மிச்சம்னு கணக்கு.

புரூம் மாதிரியே எலும்புல தேடுற ஒருத்தர் இப்ப ஒரு வழி சொல்றார். மைக் ஆர்ச்சர், புதைபடிவ ஆய்வாளர். இதோட முன்னோர்கள் கோடிக்கணக்கான வருஷம் தாழ்நில மழைக்காட்டுல வாழ்ந்ததுக்குப் புதைபடிவம் இருக்கு. பனிமலை அதோட பூர்வீகமே இல்லைங்கறார். அந்த நம்பிக்கையில 2022-ல லித்கோ ஊர்ப் பக்கம், பனிமலையைவிடத் தாழ்வான இடத்துல, இனப்பெருக்க மையம் ஒண்ணைத் திறந்திருக்காங்க. பனிமலை இல்லாத இடத்துல அந்த 45 கிராம் உசுரு பழகிக்குமான்னுதான் பார்த்துக்கிட்டிருக்காங்க.