ஸிலோஸ் சுவடியும் மேயர் ஷபிரோவும்: மத்தியகால ஓவியச் சுவடி ஆய்வில் ஒரு சமூக நோக்கு

மத்தியகால ஐரோப்பாவின் ஓவியந் தீட்டிய கையெழுத்துச் சுவடிகள் பற்றிய ஆய்வு நெடுங்காலமாக இரு சாராரின் கையிலேயே இருந்துவந்தது. ஒரு சாரார் அவற்றைச் சேகரித்து அட்டவணைப்படுத்தியோர். எந்த மடத்தில், எந்த ஆண்டில், எவர் கையால் என்னும் வினாக்களுக்கு விடைகண்டதோடு அவர்கள் அமைந்தனர். மற்றைய சாரார் அவ்வோவியங்களைத் திருச்சபைப் போதனையின் வரைவடிவங்களாக மட்டுமே கண்டனர். முதற் சாராரின் உழைப்பின்றிப் பின்வந்த எவரும் எதனையும் உறுதியாகக் கூறியிருக்க முடியாது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு காலத்துப் பாணி மற்றொரு பாணிக்கு ஏன் இடங்கொடுத்தது, அம்மாற்றத்தினூடே எச்சமூக சக்திகள் பேசின என்னும் வினாக்கள் இவ்விரு சாராராலும் போதியளவு எழுப்பப்படவில்லை. அவ்வினாக்களை எழுப்பியோருள் முக்கியமானவர் மேயர் ஷபிரோ (1904–1996).

மார்க்சிய விமர்சனத்தின்மீது அடிக்கடி சுமத்தப்படும் குற்றச்சாட்டு ஒன்றுண்டு. அது உள்ளடக்கத்தை மட்டுமே நோக்கும், உருவத்தை அறியாது என்பதே அக்குற்றச்சாட்டாகும். ஷபிரோவின் ஆய்வு வாழ்க்கையை நாம் இங்கு நோக்குவதற்கு இதுவே காரணம். அவர் உருவத்தைக் கைவிட்டுச் சமூகத்தைத் தேடியவரல்லர்; உருவத்தினுள்ளேயே சமூகத்தைத் தேடியவர்.

லித்துவேனியாவின் ஷவ்லி நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த ஷபிரோ, 1907இல் அமெரிக்காவிற்குக் கொண்டுவரப்பட்டார். நியூயோர்க்கின் புரூக்லினில், குடியேறிய யூதத் தொழிலாளர் செறிந்து வாழ்ந்த பிரவுன்ஸ்வில் பகுதியில் வளர்ந்தார். 1920இல், தமது பதினாறாவது வயதில், கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். 1926, 1927ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அண்மைக் கிழக்கிலும் பயணஞ்செய்து தேவாலயங்களையும் மடங்களையும் சுவடிகளையும் நேரிற் கண்டு குறிப்பெடுத்தார். தென் பிரான்சின் மொய்ஸாக் மடத்துச் சிற்பங்கள் பற்றி 1929இல் அவர் நிறைவுசெய்த கலாநிதிப் பட்ட ஆய்வின் பகுதிகள் 1931இல் ஆர்ட் புலெட்டின் ஆய்விதழில் வெளிவந்தன. 1928 முதல் கொலம்பியாவிலேயே கற்பித்த அவர், 1973இல் ஓய்வுபெறும்வரை அப்பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கவில்லை.

முப்பதுகளின் பொருளாதார நெருக்கடி அவரை இடதுசாரி இயக்கத்தோடு இணைத்தது. 1936இல் நடைபெற்ற அமெரிக்கக் கலைஞர் முதலாவது மாநாட்டில் 'கலையின் சமூக அடிப்படைகள்' என்னும் கட்டுரையை வாசித்தார். நவீன கலைஞன் தன்னைச் சமூகத்தினின்றும் விடுபட்டவனாகக் கருதுகின்றான்; அவ்வாறு கருதுவதற்குரிய நிலைமையும் சமூகத்தாலேயே ஆக்கப்பட்டது என்பது அதன் சாரம். மறு ஆண்டில் மார்க்சிஸ்ட் குவார்ட்டர்லி இதழில் அவர் எழுதிய 'அரூபக் கலையின் இயல்பு', கலை வரலாற்றைப் பாணிகளின் தன்னியக்கமான தொடர்ச்சியாகக் காட்டிய அல்ஃபிரட் பாரின் நூலுக்கு மறுப்பாக அமைந்தது. இவ்விரு கட்டுரைகளும் நவீன கலை பற்றியனவாயினும், 1939இல் வெளிவந்த ஸிலோஸ் ஆய்வுக்குத் தேவையான கோட்பாட்டுத் தளத்தை இவை அமைத்துக்கொடுத்தன எனலாம்.

ஸிலோஸ், ஸ்பெயினின் பூர்கோஸ் நகருக்குத் தெற்கேயுள்ள ஒரு மடம். எட்டாம் நூற்றாண்டிற் பெயாத்துஸ் என்னும் துறவி, திருவெளிப்பாட்டு நூலுக்கு விரிவான உரையொன்றைத் தொகுத்தார். அதன் ஓவியப் பிரதிகள் பல வட ஸ்பெயின் மடங்களில் நூற்றாண்டுகளாகப் படியெடுக்கப்பட்டன. ஸிலோஸ் பிரதியின் எழுத்துவேலையைத் தொமினிக்குஸ், முன்னியோ என்னும் இருவர் 1091இல் முடித்தனர். ஓவியவேலையோ பேத்ருஸ் என்பவரின் பொறுப்பில் 1109இலேயே முற்றுப்பெற்றது. எழுதி முடித்த நூல் ஓவியம் முற்றுப்பெறப் பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தது. சுவடியின் இறுதிக்குறிப்பு, எழுதுவோன் படும் உடல்வருத்தத்தையும் பதிவுசெய்துள்ளது. கண் மங்குவதையும் முதுகு வளைவதையும் கூறி, எழுத அறியாதோர் இதனை எளிய தொழிலெனக் கருதுவர் என்று அது குறைப்படுகின்றது. ஆன்மிகத்தின் தூய வெளிப்பாடாகப் போற்றப்படும் இத்தோற்சுவடி, உழைப்பின் விளைவுமாகும் என்பதை அதனை ஆக்கியோரே எமக்கு நினைவூட்டுகின்றனர்.

இச்சுவடி ஆக்கப்பட்ட காலம், காஸ்தீலிய சமூகம் பெருமாற்றத்துக்குள்ளான காலமாகும். பண்டைய ஸ்பானிய வழிபாட்டு முறை 1080இல் பூர்கோஸ் சங்கத்தின் தீர்மானத்தால் நீக்கப்பட்டு உரோம முறை புகுத்தப்பட்டது. 1085இல் ஆறாம் அல்போன்ஸோ மன்னன் தொலேதோவைக் கைப்பற்றினான். பிரான்சின் குளூனி மடத்துக்கு அவன் ஆண்டுதோறும் 2,000 பொற்காசுகள் வழங்குவதாக ஏற்றிருந்தான். யாத்திரைப் பாதைகளினூடே வணிகரும் கைவினைஞரும் குடியேறினர். காசுப் புழக்கம் பெருகியது. நகர வாழ்வு தலையெடுத்தது. தனித்தனி மடங்களிற் சிதறிக் கிடந்த பழைய திருச்சபை வாழ்வு, மையப்படுத்தப்பட்ட ஓர் அதிகார அமைப்பினுள் ஈர்க்கப்பட்டது.

இப்பின்னணியிலேயே ஷபிரோ ஸிலோஸில் இரு பாணிகள் அடுத்தடுத்து நிற்பதை அவதானித்தார். சுவடியின் பெரும்பாலான பக்கங்கள் மொஸரபிக் எனப்படும் பழைய பாணியின. பின்புலம் மஞ்சள், சிவப்பு, நீலம் என அடுக்கடுக்கான வண்ணப் பட்டைகளாற் பிரிக்கப்படும். உருவங்கள் தட்டையானவை, ஒவ்வொன்றும் தனக்குரிய வண்ணத்தோடு தனித்து நிற்கும். மடத்து முற்றத்துச் சிற்பங்களோ ரோமனெஸ்க் எனப்படும் புதிய பாணியைச் சார்ந்தவை. அங்கு உருவங்கள் ஒன்றையொன்று நோக்குகின்றன. சைகையாலும் அசைவாலும் ஒரே செயலிற் பிணைக்கப்படுகின்றன. சுவடியின் தொடக்கத்திற் சேர்க்கப்பட்ட நரகக் காட்சியும் இப்புதிய பாணிக்கு நெருங்கியதே. அந்நரகத்தின் நடுவிற் பணப்பைகளோடு வதைபடுபவன் ஒரு செல்வன். காசுப் புழக்கம் பெருகிய காலத்தில் பேராசை நரகத்தின் நடுவிடத்தைப் பெற்றமை தற்செயலன்று எனக் கருத இடமுண்டு.

ஷபிரோவின் நுண்மை இங்குதான் வெளிப்படுகின்றது. மொஸரபிக் பாணி நிலவுடைமைக்கும் ரோமனெஸ்க் பாணி வணிகருக்கும் உரியன என அவர் வாய்பாடு வகுக்கவில்லை. ஒரே மடத்தினுள், ஒரே தலைமுறையினரிடையே, பழையதும் புதியதும் மோதி உடன்வாழ்ந்ததையே அவர் எடுத்துக்காட்டினார். புனித தோமாவின் ஐயத்தைக் காட்டும் சிற்பத்தின் மேற்பகுதியிலே, நகர மதிலொன்றின்மேல், விவிலியத்தில் இடம்பெறாத இசைவாணர் நின்று வாத்தியம் இசைக்கின்றனர். சுவடியிலும் கூத்தாடிகளின் உருவங்கள் உண்டு. சமயக் கலையின் விளிம்பிலே உலகியல் வாழ்வு இவ்வாறு இடம்பிடித்ததை அவர் நகர வாழ்வின் எழுச்சியோடு தொடர்புபடுத்தினார். திருச்சபை புதிய சக்திகளை எதிர்த்தது. எதிர்த்தவாறே அவற்றை உள்வாங்கவும் நேர்ந்தது. இவ்வியங்கியல் முரண்பாடே அவரது ஆய்வின் அச்சாணியாகும்.

இவ்விடத்தில் இலங்கையிற் பிறந்த ஓர் அறிஞரை நாம் நினைவுகூர வேண்டியுள்ளது. கொழும்பில் 1877இற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கைத்தொழிற் பெருக்கம் அழித்த கைவினை மரபுகளுக்காக வருந்தியவர். 1908இல் அவர் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூல், முன்னர் வில்லியம் மொரிஸின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்திற் பயன்பட்ட கையச்சுப் பொறியிலேயே அச்சாயிற்று. பிற்காலத்தில் அவர் மத்தியகால ஐரோப்பியக் கலையையும் கீழைக்கலையையும் ஒரே நித்திய தத்துவத்தின் வெளிப்பாடுகளாகக் கண்டார். அழகை அழகுக்காகவே நுகர்தல் நவீன காலத்தின் பிறழ்வு என்பது அவர் நிலைப்பாடு.

குமாரசுவாமியின் எழுபதாம் ஆண்டு நிறைவையொட்டி 1947இல் வெளியிடப்பட்ட கலையும் சிந்தனையும் என்னும் மலரில், ஷபிரோ 'ரோமனெஸ்க் கலையில் அழகியல் மனப்பாங்கு' என்னும் கட்டுரையை எழுதினார். மலருக்குரியவரின் அடிப்படைக் கருத்தையே மறுக்கும் கட்டுரை அது. மத்தியகாலக் கலை முழுவதும் சமயக் குறியீடே என்பது உண்மையன்று. அக்காலத்தவரும் வண்ணத்தையும் வேலைத்திறனையும் கற்பனையையும் அவற்றுக்காகவே சுவைத்தனர் என்று அவர் வாதிட்டார். மடங்களின் விசித்திரச் சிற்பங்களைக் கண்டித்த புனித பெர்னாட்டின் எழுத்தையே அவர் சான்றாக்கினார். பெர்னாட் அவற்றை வெறுத்தார். ஆனால் அவற்றை எவ்வளவு கூர்ந்து பார்த்திருந்தால் அவ்வளவு நுணுக்கமாக வருணித்திருக்க முடியும்! குமாரசுவாமியின் முதலாளித்துவ எதிர்ப்பு நேர்மையானது என்பதில் எமக்கு ஐயமில்லை. எனினும் அது கடந்தகாலத்தை முரண்பாடற்ற பொற்காலமாக்கியது. ஷபிரோ அக்காலத்தினுள்ளும் முரண்பாட்டையும் விடுதலை வேட்கையையும் கண்டார். மரபைப் போற்றுவோரும் மரபை ஆராய்வோரும் பிரியும் இடம் இதுவேயாகும்.

நாற்பதுகளுக்குப் பின்னர் ஷபிரோவின் எழுத்திலே வர்க்கம் பற்றிய நேரடிப் பேச்சுக் குறைந்தது. ஸ்டாலினிய நடைமுறைகளினின்றும் அவர் முன்னரே விலகியிருந்தார்; 1954இல் தோன்றிய டிஸெண்ட் என்னும் சனநாயக சோசலிச ஏட்டின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்றார். 1953இல் எழுதிய 'பாணி' என்னும் கட்டுரையில், மார்க்சியக் கோட்பாட்டின் ஆற்றலை ஏற்றுக்கொண்ட அதேவேளை, அது உண்மையான ஆய்வு நோக்கோடு முறையாகப் பிரயோகிக்கப்பட்டமை அரிதென்றும் சுட்டினார். 1964இல் பார்மா நகரிலுள்ள இல்தெபோன்ஸுஸ் சுவடி பற்றிய நூலையும், 1973இல் நூலின் சொல்லுக்கும் ஓவியத்துக்குமிடையிலான உறவை ஆராயும் சொற்களும் படங்களும் என்னும் நூலையும் வெளியிட்டார். பின்னைய ஆய்வுகள் குறியியலை நோக்கி நகர்ந்தன. இதனைப் பின்வாங்கல் எனச் சிலர் கருதலாம். சுவடியின் ஓரத்திலுள்ள குரங்கும் முயலும் பொருளற்ற அலங்காரமல்ல என 1970இலும் அவர் வாதிட்டமையை நோக்குமிடத்து, அடிப்படை நோக்கு மாறவில்லை என்றே நாம் கருதுகின்றோம்.

ஸிலோஸ் ஆய்வு விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதன்று. 2003இல் ஜோன் வில்லியம்ஸ் அதே ஆர்ட் புலெட்டின் ஏட்டில், ஷபிரோ கூறிய சமூக விளக்கத்துக்கு ஸிலோஸின் வரலாற்றுச் சான்றுகள் போதா என வாதிட்டார். இதனை நாம் ஒதுக்கிவிட முடியாது. ஒரு சிற்றூர் மடத்தின் பாணிமாற்றத்தை ஐரோப்பிய நகர எழுச்சியோடு இணைக்குமிடத்து, இடைப்பட்ட கண்ணிகள் ஒவ்வொன்றும் ஆவணத்தால் நிறுவப்படல் வேண்டும். கோட்பாட்டின் உறுதி சான்றின் குறையை நிரப்பாது. ஆனால் விடையிற் குறையுண்டு என்பதால் வினா பிழையாகிவிடுவதில்லை. பாணி ஏன் மாறுகின்றது என்னும் வினாவைப் பாணியின் வரலாற்றுக்குள்ளேயே நின்று விடுவிக்க முடியாது என்பதை ஸிலோஸ் கட்டுரை நிலைநாட்டியது.

இலக்கிய ஆய்வில் ஈடுபட்டோர் இதனின்று கற்பதற்குப் பெரிதும் உண்டு. கவிதையின் யாப்பையும் நடையையும் அணியையும் 'உருவவாதிகளின்' உடைமையென விட்டுவிட்டுக் கருப்பொருளை மட்டும் எண்ணிக் கணக்கெடுக்கும் விமர்சனம், எதிராளிக்குப் பாதிக் களத்தை விட்டுக்கொடுக்கின்றது. வண்ணப் பட்டை ஒன்றையும், விளிம்பிலே நின்ற கூத்தாடி ஒருவனையும் உற்றுநோக்கி, அங்கிருந்து ஒரு சமூகத்தின் உள்முரணைத் தேடியவர் ஷபிரோ. உருவத்தை அவரளவுக்கு உற்றுநோக்கிய பின்னரே சமூகத்தைப் பற்றிப் பேசும் உரிமை எமக்கும் கிட்டும்.