மருந்தின் தகுதி வேறு, கருவியின் தகுதி வேறு: எமாவுசெர்டிப் என்னும் கைனேஸ் தடுப்பானை முன்வைத்து

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரிலிருந்து இராயக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது உத்தனப்பள்ளி. தக்காளியும் முட்டைக்கோஸும் ரோஜாவும் விளையும் ஊர். இங்கிருந்து ஓசூர், அத்திப்பள்ளி, பொம்மசந்திரா என்று போனால் பெங்களூருவின் எலெக்ட்ரானிக் சிட்டி. கணினி நிறுவனங்களால் பெயர் பெற்ற அந்த வட்டாரத்தில் ஆரிஜீன் என்ற மருந்து ஆய்வு நிறுவனமும் இருக்கிறது. டாக்டர் ரெட்டீஸ் குழுமத்தைச் சேர்ந்தது. அங்கே சிஏ-4948 என்ற குறியெண்ணோடு உருவாகி, அமெரிக்காவின் க்யூரிஸ் நிறுவனத்தோடு 2015இல் செய்துகொண்ட உடன்பாட்டின் வழியாக நோயாளிகளிடம் பரிசோதனைக்குப் போன மூலக்கூறுதான் எமாவுசெர்டிப். இன்று அது ஆய்வக வேதிப்பொருள் பட்டியல்களிலும் ஏறிவிட்டது. 'தெரிவுத்தன்மை மிக்க ஐராக்4 தடுப்பான்' என்ற விவரிப்போடு, சில மில்லிகிராம் தூளாகச் சிறு குப்பியில் வாங்கலாம்.

இக்கட்டுரை மல்லுக்கு நிற்பது அந்த விவரிப்போடுதான். தெரிவுத்தன்மை என்பது ஒரு புரதத்தை மட்டும் தடுத்து மற்றவற்றை விட்டுவிடும் குணம். ஒரு மூலக்கூறு நல்ல மருந்தாக இருப்பதற்கு வேண்டிய தெரிவுத்தன்மை வேறு. புற்றுச் செல்லில் எந்தப் புரதம் என்ன வேலை செய்கிறது என்று கண்டறியும் கருவியாக இருப்பதற்கு வேண்டிய தெரிவுத்தன்மை வேறு. முன்னது நோயாளி பிழைத்தால் போதும் என்று நிறைவடையும். பின்னது எதனால் பிழைத்தார் என்று கேட்டே தீரும். நம் ஆய்வகங்களில் இவ்விரண்டும் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன, அந்தக் குழப்பத்தின் மேல் முனைவர் பட்டங்கள் கட்டப்படுகின்றன என்பதே என் வாதம்.

கைனேஸ் என்பது ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தின் மேல் வைக்கும் நொதி. மனித மரபணுத் தொகுதியில் 518 கைனேஸ்கள் இருப்பதாக 2002இல் மானிங் குழுவினர் கணக்கிட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஏடிபி அமரும் இடம் ஏறக்குறைய ஒரே வடிவம். பெரும்பாலான தடுப்பான்கள் அந்த இடத்தைத்தான் பிடிக்கின்றன. அப்படியிருக்க ஒன்றை மட்டும் தடுத்து மற்ற ஐந்நூற்றுச் சொச்சத்தை விட்டுவிடும் மூலக்கூறு எப்படிச் சாத்தியம் என்ற ஐயம் 1980களில் நிபுணர்களுக்கே இருந்தது.

அந்த ஐயத்தை உடைத்தது இமாட்டினிப். தமிழ்நாட்டில் இம்மருந்தை அறிந்தவர்கள் பெரும்பாலும் வழக்கின் மூலமாக அறிந்தவர்கள்: சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் 2006இல் விண்ணப்பம் மறுக்கப்பட்டு, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் நோவார்ட்டிஸ் தோற்ற வழக்கு. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விலை சொல்லப்பட்ட மருந்து அதன் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கிடைத்துக்கொண்டிருப்பதற்கு அந்தத் தீர்ப்பு வழிவிட்டது. வழக்கைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. மூலக்கூறைப் பற்றி அவ்வளவு எழுதப்படவில்லை.

1996இல் பிரையன் ட்ருக்கர் குழுவினர் வெளியிட்ட முடிவு இது: நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயாளிகளின் செல்களை வளர்த்த தட்டில் 1 மைக்ரோமோலார் இமாட்டினிப் இட்டபோது, அந்நோயை உண்டாக்கும் பிசிஆர்-ஏபிஎல் என்னும் பிணைப்புக் கைனேஸைக் கொண்ட செல் கூட்டங்கள் 92 முதல் 98 விழுக்காடு குறைந்தன, இயல்பான செல்களின் கூட்டங்கள் அப்படியே இருந்தன. இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது 98 என்ற எண்ணை அல்ல, 1 மைக்ரோமோலார் என்ற செறிவை. மருந்து உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில் அடுத்த வேளைக்கு முன் எஞ்சியிருக்க வேண்டியதாகப் பின்னாளில் வகுக்கப்பட்ட அளவு மில்லிலிட்டருக்கு ஆயிரம் நானோகிராம். அதாவது ஏறத்தாழ 2 மைக்ரோமோலார். ஆய்வகத் தட்டும் நோயாளியின் உடலும் ஒரே வரம்புக்குள் நின்றன. பிறகு, ஏபிஎல் கைனேஸின் 315ஆம் இடத்தில் திரியோனின் போய் ஐசோலூசின் வந்தால் மருந்து பலிக்காது என்று 2001இல் நோயாளிகளின் செல்களிலிருந்தே தெரியவந்தது. நோயாளிக்கு அது கெட்ட செய்தி. ஆய்வாளருக்கோ அதைவிடத் திடமான சான்று வேறில்லை. ஒரேயொரு அமினோ அமிலம் மாறியதும் செல் தப்பிவிடுகிறது என்றால், மருந்து அதுவரை கொன்றது அந்தப் புரதத்தின் வழியாகத்தான்.

தெரிவுத்தன்மை எங்கிருந்து வந்தது என்பதற்கும் எளிய விடை கிடைக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்பைத் தொடங்கி அமெரிக்கா சென்ற ஜான் குரியனின் குழு 2000இல் காட்டிய படிக அமைப்பில், இமாட்டினிப்பின் மாற்று வடிவம் ஒன்று ஏபிஎல் கைனேஸின் செயலற்ற நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. செயலற்ற நிலையில் கைனேஸ்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன, ஆகவே தெரிவுத்தன்மை என்று முதலில் விளக்கம் சொன்னார்கள். ஆனால் இமாட்டினிப்பைத் தொடும் இடங்களில் ஏபிஎல்லும் சார்க் கைனேஸும் கிட்டத்தட்ட ஒன்றே. இருந்தும் சார்க் அதை மிக வலுவின்றியே பிடிக்கிறது. அதே குழுவின் 2007ஆம் ஆண்டு ஆய்வு, வேறுபாடு ஒரு இடத்தில் இல்லை, புரதம் முழுவதும் பரவிக் கிடக்கிறது என்ற முடிவுக்கு வந்தது. மூலக்கூறின் கட்டமைப்பைப் பார்த்தே அதன் தெரிவுத்தன்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்கள், குறிப்பாக மூலக்கூறைப் புரதத்தில் பொருத்திப் பார்க்கும் டாக்கிங்கை மட்டும் கணினியில் செய்து படம் போடுபவர்கள், இதைச் சற்று நின்று படிப்பது நல்லது.

இமாட்டினிப் ஏபிஎல்லை மட்டுமா தடுக்கிறது? இல்லை. கிட், பிடிஜிஎஃப் ஏற்பி ஆகிய கைனேஸ்களையும் தடுக்கிறது. கிட்டைத் தடுப்பதால்தான் இரைப்பை-குடல் கட்டி வகையொன்றுக்கு 2002இல் அமெரிக்காவில் அதே மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. மருந்து என்ற கோணத்தில் இது கொடை. கருவி என்ற கோணத்தில், கிட் இயங்கும் ஒரு செல்லில் இமாட்டினிப்பை இட்டு 'ஏபிஎல்லின் பங்கு' என்று தலைப்பு வைக்க முடியாது என்ற எச்சரிக்கை.

இந்த எச்சரிக்கையைப் புறக்கணித்ததன் விலையைக் காட்ட டிவான்டினிப் ஒன்றே போதும். மெட் கைனேஸின் தெரிவுத்தன்மை மிக்க தடுப்பான் என்று சொல்லி அதை மருத்துவப் பரிசோதனைக்குக் கொண்டுபோனார்கள். 2013இல் இரண்டு தனித்தனிக் குழுக்கள், மெட் இல்லாத செல்களையும் அது அதே அளவு கொல்கிறது, உண்மையில் அது செல்லின் நுண்குழல்களைக் குலைக்கும் நஞ்சு என்று காட்டின. ஆயினும் மெட் அதிகமுள்ள ஈரல் புற்றுநோயாளிகளைத் தேர்ந்தெடுத்து மூன்றாம் கட்டப் பரிசோதனை தொடர்ந்தது. ஆயுள் நீளவில்லை. 2019இல் ஷெல்ட்சர் குழுவினர் இன்னும் ஓரடி போனார்கள். பரிசோதனையில் இருந்த பல புற்றுமருந்துகளின் 'இலக்கு' மரபணுக்களைக் கிரிஸ்பர் முறையில் வெட்டி எடுத்தபோதும் செல்கள் நன்றாக வளர்ந்தன; மருந்து இட்டால் பழையபடியே செத்தன. பிபிகே கைனேஸைத் தடுப்பதாகச் சொல்லப்பட்ட ஓடிஎஸ்964 உண்மையில் சிடிகே11ஐத் தடுக்கிறது என்று, எதிர்ப்புத் தரும் ஒரு பிறழ்வைக் கண்டுபிடித்து நிறுவினார்கள். செல் சாவது உண்மை. சொன்ன காரணம் மட்டும் பொய்.

இனி எமாவுசெர்டிப்புக்கு வருவோம். ஐராக்4, டோல் வகை ஏற்பிகளும் இன்டர்லூகின்-1 ஏற்பியும் தரும் சமிக்ஞையை மைடி88 என்ற இணைப்புப் புரதத்தின் வழியாக வாங்கி என்எஃப்-கப்பா-பி பாதைக்குக் கடத்தும் கைனேஸ். வால்டன்ஸ்ட்ராம் என்னும் அரிய இரத்தப் புற்றுநோய் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மைடி88 மரபணுவில் ஒரே இடத்தில் பிறழ்வு இருக்கிறது. ஆகவே ஐராக்4ஐத் தடுப்பது தர்க்கப்படி சரியான வழி. ஆரிஜீன் வேதியியலாளர்கள் செய்த வேலை சாதாரணமானதல்ல: நெருங்கிய உறவான ஐராக்1ஐ விடப் பல நூறு மடங்கு வலுவாக ஐராக்4ஐப் பிடிக்கும் மூலக்கூறைச் செய்தார்கள். ஆனால் அதே மூலக்கூறு, குடும்பத்துக்கு வெளியே இருக்கும் எஃப்எல்டி3 என்ற கைனேஸையும் நன்றாகப் பிடிக்கிறது. தீவிர மைலாய்டு இரத்தப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பிறழ்வு காணப்படுவது இந்த எஃப்எல்டி3இல்தான்.

மருந்தாகப் பார்த்தால் இரண்டு மாங்காய். எஃப்எல்டி3ஐ மட்டும் தடுத்தால் செல் ஐராக் பாதையை முடுக்கிவிட்டுத் தப்பிக்கிறது என்று 2019இல் சின்சினாட்டி ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள்; இரண்டையும் ஒருசேரத் தடுப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. நிறுவனமும் இரட்டைத் தடுப்பை மறைக்கவில்லை, சிறப்பாகவே முன்வைக்கிறது. குற்றம் அவர்கள் மேல் இல்லை. குப்பியை வாங்கி, 'ஐராக்4 தடுப்பான்' என்ற விவரிப்பை மட்டும் தன் கட்டுரைக்கு எடுத்துக்கொள்பவர் மேல்தான்.

நம் ஆய்வகங்களில் வழக்கமாக நடப்பதை எடுத்துக்கொள்வோம். எம்வி4-11 செல்வரிசையை 96 குழித் தட்டில் இடுகிறார் ஆய்வு மாணவர். தூளை டிஎம்எஸ்ஓவில் 10 மில்லிமோலாராகக் கரைத்து, அதிலிருந்து 1, 5, 10, 25, 50 மைக்ரோமோலார் என்று நீர்த்து இடுகிறார். 48 மணி நேரம் கழித்து எம்டிடி. ஊதா நிறம் குறைகிறது. வளைகோடு அழகாக இறங்குகிறது. 'ஐராக்4 தடுப்பு இரத்தப் புற்றுச் செல்களைக் கொல்கிறது' என்று முடிவு எழுதப்படுகிறது. இதில் எத்தனை ஓட்டை! எம்வி4-11 எஃப்எல்டி3இன் நகல் நீட்சிப் பிறழ்வை நம்பியே வாழும் செல். அது செத்ததற்கு ஐராக்4 காரணமாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. எம்டிடி அளப்பது செல்லின் ஒடுக்கும் திறனை. வளர்ச்சி நின்றாலும் நிறம் குறையும், செத்தாலும் குறையும். 50 மைக்ரோமோலாரில் 518 கைனேஸ்களில் எத்தனை இயங்கிக்கொண்டிருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. தூய நொதிச் சோதனையில் கிடைத்த எண்ணையும் செல்லுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. அங்கே ஏடிபி மைக்ரோமோலார் கணக்கு, செல்லுக்குள் மில்லிமோலார் கணக்கு.

அதே தட்டை வேறு விதமாக நடத்தலாம். எம்வி4-11க்குப் பக்கத்தில் எஃப்எல்டி3 பிறழ்வு இல்லாத டிஎச்பி-1. அரை மைக்ரோமோலாரில் தொடங்கி 1ஐத் தாண்டாத செறிவு. சில மணி நேரத்துக்குள் செல்லை உடைத்து, ஐராக்4இன் பாஸ்பேட் ஒருபுறமும், எஃப்எல்டி3க்குக் கீழே நிற்கும் ஸ்டாட்5இன் பாஸ்பேட் மறுபுறமும் வெஸ்டர்ன் பிளாட்டில் பார்ப்பது. இன்னொரு வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த ஐராக்4 தடுப்பான் ஒன்று, உதாரணமாக ஃபைசரின் ஜிம்லோவிசெர்டிப். எஃப்எல்டி3ஐத் தடுத்து ஐராக்4ஐ விட்டுவிடும் ஒன்று, குவிசார்டினிப். முன்னது செல்லைத் தொடாமல் பின்னது கொன்றால் விடை கையில். இன்னும் மலிவான சோதனையும் உண்டு. பிஏ/எஃப்3 என்ற எலிச் செல் இன்டர்லூகின்-3 இல்லாமல் வாழாது. பிறழ்ந்த எஃப்எல்டி3ஐ அதில் புகுத்தினால் இன்டர்லூகின் இன்றி வாழும். தடுப்பான் இட்டதும் அது சாகிறது, இன்டர்லூகினைத் திரும்ப ஊற்றியதும் பிழைக்கிறது என்றால், அந்தச் செறிவில் மருந்து எஃப்எல்டி3 வழியாகவே கொன்றது. ஊற்றிய பிறகும் செத்தால், அதற்கு மேல் அந்தச் செறிவில் எழுதும் எதற்கும் பொருளில்லை.

மாவட்டக் கல்லூரிகளில் ஒரு இன்குபேட்டர், ஒரு லாமினார் மேடை, அதுவும் மின்சாரம் இருந்தால் என்ற நிலையில் இதெல்லாம் ஆடம்பரம் என்பார்கள். கைனேஸ் தொகுதி முழுவதற்கும் எதிராகச் சோதிக்கும் பெரும் பட்டியல் சோதனை அவர்களுக்கு எட்டாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்பது அதையல்ல. செறிவைக் குறைப்பதற்குக் காசு கூடாது, குறையத்தான் செய்யும். இரண்டாவது தடுப்பான் இன்னொரு குப்பி. வசதி மிக்க நாடுகளும் இதில் யோக்கியமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எட்டு வேதிக் கருவிகளைப் பயன்படுத்திய 662 கட்டுரைகளை 2023இல் ஆராய்ந்தபோது, பரிந்துரைத்த செறிவு, செயலற்ற ஒப்பு மூலக்கூறு, இரண்டாவது கருவி ஆகிய மூன்றையும் பின்பற்றியவை 4 விழுக்காடு மட்டுமே. ஆகவே இது வறுமைப் பிரச்சினை அல்ல, பழக்கப் பிரச்சினை.

இன்னொரு மறுப்பும் உண்டு: மருந்து வேலை செய்தால் சரி, எந்த வழியில் என்பது பண்டிதர் கவலை. எமாவுசெர்டிப்பின் சொந்த வரலாறே இதற்குப் பதில். 2022 ஏப்ரலில், தசை சிதையும் பக்கவிளைவு உட்படப் பல சிக்கல்களோடு ஒரு நோயாளி இறந்ததையடுத்து, அமெரிக்க மருந்து ஆணையம் அதன் இரத்தப் புற்றுநோய்ப் பரிசோதனையைப் பகுதியளவு நிறுத்தி வைத்தது, பின்னர் அனுமதித்தது. தசையைச் சிதைப்பது ஐராக்4இன் தடுப்பா, எஃப்எல்டி3இன் தடுப்பா, நாம் இன்னும் பெயர் சொல்லாத மூன்றாவது ஒன்றா? அடுத்த மூலக்கூறை வடிவமைப்பவருக்கு இதைவிட முக்கியமான கேள்வி இல்லை. இலக்குகளைப் பிரித்துப் பார்க்கும் கருவி இல்லாமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

கிருஷ்ணகிரி மாவட்டத்து வேதியியல், உயிர்த்தொழில்நுட்பப் பட்டதாரிகளுக்கு ஓசூர்ச் சாலை ஆய்வகங்கள் இயல்பான வேலைவாய்ப்பு. ஒப்பந்த ஆய்வில் அவர்கள் பிறர் கேட்டதைச் செய்து கொடுப்பவர்கள். கேட்பவர் சரியாகக் கேட்டால் சரியாகவே செய்வார்கள். கேட்கும் பயிற்சியைத் தர வேண்டியவை பல்கலைக்கழகங்களும் ஆய்விதழ்களும். எனவே இவ்விதழ் உட்படத் தமிழ்நாட்டு ஆய்விதழ்களின் ஆசிரியர்களுக்கும் முனைவர் பட்டத் தேர்வாளர்களுக்கும் என் வேண்டுகோள் இது: கைனேஸ் தடுப்பானைக் கருவியாகக் கொண்ட எந்த ஆய்விலும், அந்தச் செறிவில் இலக்கு தடுக்கப்பட்டதற்கான நேரடிச் சான்று, வேறு வேதிக் குடும்பத்துத் தடுப்பான் ஒன்று, இலக்கு நீக்கப்பட்ட அல்லது மருந்தை எதிர்க்கும் செல் ஒன்று ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இல்லையென்றால், தலைப்பிலிருந்து அந்தக் கைனேஸின் பெயரை எடுத்துவிட்டு வருமாறு திருப்பி அனுப்புங்கள்.