போர், சந்தை, உடல்: ஒரு கூட்டு மருந்தின் கதை

காய்ச்சல் விட்டால் போதாதா, மருந்துக்கு வரலாறு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மலேரியாவுக்கான கூட்டு மருந்தின் பிறப்பிடம் போர்க்களம். வியட்நாம் காடுகளில் சிப்பாய்கள் காய்ச்சலில் சாய்ந்தார்கள். குளோரோகுயினுக்கு நோய் மசியவில்லை. வட வியட்நாம் உதவி கேட்க, 1967 மே 23-இல் சீனா ரகசியமாக '523' திட்டத்தைத் தொடங்கியது. நான்காம் நூற்றாண்டுக் கோ ஹோங்கின் வைத்திய நூல் மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்னது, காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் சத்தைக் கெடுக்குதோ என்று சந்தேகித்த து யூயூ, 1971-இல் ஈதரைக் கொண்டு குறைந்த வெப்பத்தில் சாறெடுத்தார். அடுத்த ஆண்டு அவரும் சக ஊழியர்களும் தாங்களே உட்கொண்டு சோதித்தார்கள். நோபல் வந்தது 2015-இல்.

ஆர்ட்டிமிசினின் கிருமிகளை வேகமாகக் கொல்லும். சில மணி நேரத்தில் ரத்தத்தைவிட்டுப் போய்விடும். மிஞ்சியவை மறுபடி பெருகும். எனவே நாள்கணக்கில் தங்கும் லூமெஃபாண்ட்ரின் போன்ற துணை வேண்டும். ஒன்றுக்குத் தப்பும் கிருமி மற்றதற்குத் தப்பாது என்பதே கூட்டின் தர்க்கம். துணை மருந்து செயல்படும் இடங்களில் 95 சதவீதத்துக்கு மேல் குணம் கிடைக்கிறது. ஆனால் லூமெஃபாண்ட்ரின் உடம்பில் நன்றாகச் சேர, சாப்பாட்டில் கொழுப்பு இருக்கணும். பட்டினிக்காரன் எங்கே போவான்?

உலக சுகாதார நிறுவனம் 2001-இல் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. விலை அதிகம் என்பதால், ஆப்பிரிக்காவில் பயனிழந்த குளோரோகுயினுக்கே சர்வதேசப் பணம் போய்க்கொண்டிருந்தது. 2004-இல் ஆய்வாளர்கள் சிலர் 'லான்செட்' இதழில் இதை மருத்துவ முறைகேடு என்றே குற்றஞ்சாட்டினார்கள். இன்னொரு பக்கம், ஆர்ட்டிமிசினின் தனி மாத்திரையாகவும் கடைகளில் விற்றது. 2006-இல்தான் அதை நிறுத்தச் சொன்னார்கள். சில ஆண்டுகளில் மேற்குக் கம்போடியாவில் கிருமி மெதுவாகச் சாகத் தொடங்கியது. குளோரோகுயின் முதலில் தோற்ற அதே எல்லைப்புறம். பின்னர் அங்கே துணை மருந்தான பைப்பெராகுயினும் தோற்றது. ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் இப்போது எதிர்ப்பு தலைகாட்டியிருக்கிறது.

பாதுகாப்பு யாருக்கு என்பது அடுத்த கேள்வி. விலங்குச் சோதனைகளில் கருவுக்குக் கேடு தெரிந்ததால், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் பெண்களுக்குக் குயினைன்தான் கொடுக்கச் சொன்னார்கள். கர்ப்பம் தெரியாமலே கூட்டு மருந்தை விழுங்கிய பெண்களின் விவரங்கள் சேர்ந்த பிறகு, 2022-இல்தான் ஆர்ட்டிமீத்தர்-லூமெஃபாண்ட்ரினை அவர்களுக்கும் பரிந்துரைத்தார்கள். சோதனைக்கு வெளியே நிறுத்தப்பட்ட உடலே கடைசியில் சாட்சியானது. மருந்தின் வரலாற்றில் து யூயூவுக்குப் பெயர் இருக்கு. இந்தப் பெண்களுக்கு இல்லை.