முடிச்சும் கிலோமீட்டரும்: கடல்வேக அலகின் வரலாறும் பழைய கப்பற்பதிவேடுகளின் வாசிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

கடல்வேகத்தைக் குறிக்கும் ‘நாட்’ என்னும் அலகு இன்று மணிக்கு 1.852 கிலோமீட்டர் எனத் துல்லியமாக வரையறுக்கப்பட்டுள்ளது. இவ்வரையறை 1929ஆம் ஆண்டில்தான் உருப்பெற்றது. அதற்கு முற்பட்ட கப்பற்பதிவேடுகளில் காணப்படும் வேகங்களை இதே எண்ணால் பெருக்கினால் கணிசமான பிழை நேரக்கூடும். கயிற்றின் நீளம், மணற்கடிகையின் காலம், மைலின் அளவு ஆகிய மூன்றையும் கொண்டே பழைய வேகங்களை மாற்ற வேண்டும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: நாட், கடல் மைல், மணற்கடிகை, கப்பற்பதிவேடு, சோழமண்டலக் கடற்கரை.

முன்னுரை

சோழமண்டலக் கடற்கரையின் வணிக வரலாற்றை ஆராய்வோர்க்கு ஐரோப்பியக் கப்பல்களின் பதிவேடுகள் முதன்மைச் சான்றுகளாகும். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் பதிவேடுகள் பல பிரித்தானிய நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அவற்றில் மணிதோறும் கப்பலின் வேகம் குறிக்கப்பட்டுள்ளது. அவ்வேகத்தை இன்றைய அலகிற்கு மாற்றுவது எளிய பெருக்கல் போலத் தோன்றும். ஆயினும் அவ்வெண் எவ்வாறு பெறப்பட்டது என்பதை அறியாமல் மாற்றினால், பயணத்தின் தொலைவும் கப்பலின் திறனும் தவறாகவே மதிப்பிடப்படும்.

கயிறும் கடிகையும்

மரத்துண்டையும் கயிற்றையும் கொண்டு கப்பலின் வேகத்தை அளக்கும் முறையை 1574இல் வெளிவந்த தம் கடலோடல் நூலில் வில்லியம் போர்ன் விளக்கியுள்ளார். பின்னாளில் செம்மை பெற்ற கருவி எளிமையானது. கால்வட்ட வடிவப் பலகையின் வளைந்த விளிம்பில் ஈயம் பதிக்கப்பட்டிருக்கும். கப்பலின் பின்புறத்திலிருந்து நீரில் இடப்படும் அப்பலகை, செங்குத்தாக நின்று நீரைப் பற்றிக்கொள்ளும். கப்பல் முன்னேற, உருளையில் சுற்றப்பட்ட கயிறு அவிழ்ந்து செல்லும். பலகை கப்பலின் நீர்ச்சுழலைக் கடக்கும் வரையிலான கயிறு கணக்கில் சேராது. அதன் முடிவில் உள்ள துணி அடையாளம் கையைக் கடந்ததும் மணற்கடிகை திருப்பப்படும். மணல் முழுதும் இறங்குவதற்குள் எத்தனை முடிச்சுகள் கைவழியே சென்றன என்பதே கப்பலின் வேகம்.

ஆங்கிலத்தில் முடிச்சைக் குறிக்கும் சொல்லே இவ்வலகின் பெயராயிற்று. தமிழில் அச்சொல்லின் ஒலியே ‘நாட்’ என வழங்குகிறது. மரத்துண்டைக் குறித்த ‘லாக்’ என்னும் சொல், முதலில் அவ்வளவுகளை எழுதிய பதிவேட்டிற்கும், பின்னர் கணினியில் நிகழ்வுகளைப் பதியும் கோப்பிற்கும் பெயராயிற்று. ‘நாட்’ என்பதற்குள்ளேயே மணி அடங்கியுள்ளது. ஆதலால் ‘மணிக்கு 10 நாட்’ என எழுதுவது கூறியது கூறலாகும். ‘மணிக்கு 10 கடல் மைல்’ அல்லது ‘10 நாட்’ என்பதே பொருந்தும்.

மைலின் அளவில் நேர்ந்த பிழை

முடிச்சுகளின் இடைவெளி ஒரு விகிதத்தால் அமைந்தது. மணிக்கு ஒரு மைல் செல்லும் கப்பல், 30 வினாடியில் மைலின் 120இல் ஒரு பங்கைக் கடக்கும். புவிமேற்பரப்பின் ஒரு பாகை 60 மைல் என்றும், ஒரு மைல் 5,000 அடி என்றும் மாலுமிகள் கொண்டிருந்தனர். 5,000 அடியை 120ஆல் வகுத்தால் ஏறத்தாழ 42 அடி கிடைக்கும். ஆகவே 7 பாகத்திற்கு ஒரு முடிச்சு இடப்பட்டது.

இதன் அடிப்படையே பிழையானது என்பதை ரிச்சர்டு நார்வுட் மெய்ப்பித்தார். 1633இல் லண்டனிலும் 1635இல் யார்க் நகரிலும் கோடைக்காலச் சூரியனின் உயரத்தை அளந்து அட்சரேகை வேறுபாட்டைக் கண்டார்; இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தொலைவைச் சங்கிலியாலும் காலடியாலும் அளந்தார். ஒரு பாகை 367,196 அடி என்பது அவர் முடிவு. அதன்படி ஒரு கலைக்கு, அதாவது ஒரு கடல் மைலுக்கு, ஏறத்தாழ 6,120 அடி ஆகும். இன்றைய அளவிற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒரு விழுக்காட்டிற்கும் குறைவே. இம்முடிவை 1637இல் தம் நூலில் வெளியிட்டார். அக்கணக்கின்படி முடிச்சுகளின் இடைவெளி 51 அடியாக இருத்தல் வேண்டும்.

ஆயினும் பழைய கயிறு உடனே கைவிடப்படவில்லை. குறுகிய இடைவெளியால் கணக்கு கப்பலை முந்திச் செல்லும். கரை அணுகிவிட்டதாக எண்ணி மாலுமி முன்னரே எச்சரிக்கையாவான். கணக்கு பின்தங்கினால் எதிர்பாராமல் கரையில் மோத நேரும். இக்காரணத்தால் அறிந்தே இப்பிழையைப் பேணியவர்களும் இருந்தனர். பிற்காலத்தில் 28 வினாடிக் கடிகையும் 47 அடி 3 அங்குல இடைவெளியும் நிலையான இணையாயின.

மாற்றும் முறை

முடிச்சின் இடைவெளியை அடியிலும் கடிகையின் காலத்தை வினாடியிலும் அறிந்தால், இடைவெளியைக் காலத்தால் வகுத்து 1.09728ஆல் பெருக்க, ஒரு முடிச்சு மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும். 47.25 அடி, 28 வினாடி எனில் விடை 1.852. 42 அடி, 30 வினாடி எனில் 1.536.

இவ்வேறுபாட்டின் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். பதிவேட்டில் ‘6’ என உள்ளது எனக் கொள்வோம். இன்றைய எண்ணால் பெருக்கினால் மணிக்கு 11.1 கிலோமீட்டர், 42 அடிக் கயிற்றின்படி 9.2 கிலோமீட்டர். அதே வேகத்தில் ஒரு நாள் முழுதும் சென்ற கப்பல் பதிவேட்டின்படி 144 மைல் கடந்திருக்கும். இன்றைய கடல் மைலில் அது சற்றேறக்குறைய 119 மட்டுமே. பல வாரப் பயணத்தை இவ்வாறு கணக்கிடும் ஆய்வாளர், கப்பலின் திறனை ஐந்தில் ஒரு பங்கு மிகைப்படுத்திவிடுவார்.

ஆங்கிலப் பதிவேடுகளில் மணி, முடிச்சு, பாகம் என மூன்று நிரல்கள் உண்டு. பாக நிரலில் வரும் உச்ச எண், ஒரு முடிச்சு எத்தனைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது என்பதை ஊகிக்க உதவும். நண்பகலில் சூரியனை நோக்கிக் கண்ட அட்சரேகையைக் கணக்கிட்ட அட்சரேகையோடு ஒப்பிடுவது மற்றொரு சோதனையாகும். தொடர்ந்து ஒரே திசையில் வேறுபாடு தோன்றினால் கயிற்றையோ கடிகையையோ, அப்பகுதியின் நீரோட்டத்தையோ ஐயுற வேண்டும்.

நாடுதோறும் அலகும் வேறுபட்டது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் நிலைகொண்ட டச்சுக்காரர் ஒரு பாகைக்கு 15 எனக் கொண்ட மைலைப் பயன்படுத்தினர். அது 4 கடல் மைலுக்குச் சமம். புதுச்சேரியையும் காரைக்காலையும் ஆண்ட பிரெஞ்சுக்காரரின் கடல் லீக், பாகைக்கு 20 என்பதால், 3 கடல் மைலாகும். ஒரே கடற்கரைக்கு வந்த மூன்று நாட்டுப் பதிவேடுகளை ஒப்பிடுவோர் இதனை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

1,852 மீட்டர்

புவி முழுக்கோளம் அன்று. ஆகவே அட்சரேகையின் ஒரு கலை நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 1,843 மீட்டராகவும் துருவத்தில் 1,862 மீட்டராகவும் அமைகிறது. 1929இல் மொனாக்கோவில் கூடிய பன்னாட்டு நீர்ப்பரப்பு மாநாடு 1,852 மீட்டரைக் கடல் மைலாக ஏற்றது. நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் வரை 10,000 கிலோமீட்டர் என்பது மீட்டரின் தொடக்ககால வரையறை. அதனை 5,400 கலைகளால் வகுத்தால் இவ்வெண்ணே கிட்டும். அமெரிக்கா 1954இலும் பிரிட்டன் 1970இலும் இதற்கு மாறின. அதுவரை பிரிட்டன் 6,080 அடியை, அதாவது 1,853.184 மீட்டரை வழங்கி வந்தது.

இந்திய வானிலை ஆய்வுத்துறை இன்றும் புயல்களை நாட் அலகிலேயே வகைப்படுத்துகிறது. 34 முதல் 47 நாட் வரை வீசும் காற்று புயல் எனப்படும். செய்தியாகும்போது அது கிலோமீட்டராகிறது. கடலில் உள்ள மீனவருக்கும் கரையில் உள்ளோருக்கும் ஒரே எச்சரிக்கை சென்றடைய இம்மாற்றம் பிழையின்றி அமைவது இன்றியமையாதது.

முடிவுரை

இன்றைய நாட் ஓர் எண். நேற்றைய நாட் ஒரு செயல். கயிற்றை விட்ட கையும், கடிகையைத் திருப்பிய கையும், மைலின் அளவைப் பற்றி அக்காலத்தார் கொண்டிருந்த கருத்தும் அவ்வெண்ணில் கலந்துள்ளன. ஆகவே 1929க்கு முற்பட்ட வேகங்களை மேற்கோள் காட்டுவோர், மூலத்தில் உள்ள எண்ணை அவ்வாறே தந்து, எந்த இடைவெளியையும் எந்தக் கடிகையையும் கொண்டு மாற்றினர் என்பதையும் உடன் குறிப்பிடுதல் வேண்டும். அவை தெரியாவிடத்து, 1.536 முதல் 1.852 வரையிலான எல்லையைச் சுட்டுவதே நேர்மையான ஆய்வு முறையாகும்.